அடிநாதமும் தாளமும்

வாத்தியக் குழு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் ஒரு மேடை தோன்றுகிறது. முன்வரிசையிலே பாடகர் நிற்கிறார். அவருக்கு ஒரு பக்கத்திலே கிற்றார் வாசிப்பவரும், மறுபக்கத்திலே ஓகன் வாசிப்பவரும் இருக்கின்றனர். பின்வரிசையிலே, வெளிச்சம் அதிகம் படாத ஓரிடத்தில், வேறு இருவர் இருப்பர். ஒருவர் தடித்த நான்கு தந்திகள் பூட்டிய பேஸ் கிற்றாரை ஏந்தி நிற்பார். மற்றவர் ட்ரம்களின் நடுவே பாதி மறைந்து அமர்ந்திருப்பார். கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது பாடகரின் குரலைப் பற்றிப் பேசுவோம். கிற்றாரின் இனிமையைப் பற்றிப் பேசுவோம். பின்வரிசையில் இருந்த அந்த இருவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

அந்த முன்வரிசை முழுவதையும் அகற்றிவிட்டு, பின்வரிசையினர் இருவரையும் மேடையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினால் என்ன நிகழும்? பேஸும் தாளமும் மட்டுமே கொண்டு ஒரு வாத்தியக் குழு அமைத்துச் சபையோர்முன் வாசிக்க இயலுமா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இத்தகைய குழுவைப் பற்றியும் பலர் அவ்வாறே கூறக்கூடும். கிற்றார் வாசிக்க ஆள் இல்லை, பாட ஆள் இல்லை, ஆகவே இருப்பதைக் கொண்டு ஏதோ ஒப்பேற்றுகிறார்கள் என்று எண்ணக்கூடும். நானும் அவ்வாறு எண்ணியவனே. அந்த எண்ணம் எவ்வாறு மாறியது என்பதைக் கூறுவதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் இசை பயின்றவன் அல்லன். தமிழும் வரலாறும் கற்றுப் பட்டம் பெற்று, ஆசிரியனாகி, இன்று கிழக்கிலங்கையில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகப் பணியாற்றுபவன். என் மாணவர் இருவரே இப்பொருளை எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள்.

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர் ஐவர் சேர்ந்து ஒரு வாத்தியக் குழு வைத்திருந்தனர். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் அவர்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்குவது வழக்கம். ஓராண்டு, விழாவுக்கு இரண்டரை மாதங்கள் இருக்கையில், ஓகன் வாசித்த மாணவன் குடும்பத்தாருடன் கனடாவுக்குப் புறப்பட்டுச் சென்றான். அடுத்த மாதம் கிற்றார் வாசித்தவனின் தந்தைக்கு இடமாற்றம் வந்தது, அவனும் போனான். பாடிய மாணவி பரீட்சைக்குப் படிக்க வேண்டும் எனப் பெற்றோர் தடுத்துவிட்டனர். எஞ்சியவர் இருவர்: பேஸ் கிற்றார் வாசிப்பவன் ஒருவன், ட்ரம் அடிப்பவன் ஒருவன்.

நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு, வாத்தியக் குழு என்ற வரியை நான் சிவப்பு மையினால் வெட்டினேன். அப்பொழுது அவ்விருவரும் என் அறை வாசலில் வந்து நின்றனர்.

"சேர், நாங்க ரெண்டு பேரும் வாசிக்கிறம்" என்றான் பேஸ் வாசிப்பவன்.

"தம்பி, பாட்டுமில்லை, கிற்றாருமில்லை. வெறும் அத்திவாரத்தைக் காட்டி இதுதான் வீடு என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

மற்றவன் சற்றுத் தயங்கி, "ஆக்கள் குறைஞ்சா பாட்டும் குறையணுமா சேர்?" என்றான்.

அதற்கு என்னிடம் உடனே விடை இல்லை. ஒரு வாரத் தவணை கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த வாரத்தில் இப்பொருளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இப்பொழுது உங்கள்முன் வைக்கிறேன்.

முதலிலே பேஸ் என்பது யாது எனப் பார்ப்போம். அது மந்தர ஸ்தாயியில் ஒலிக்கும் தந்தி வாத்தியம். அதன் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்த தந்தி 55 முறையும், அதற்கடுத்தது 73 முறையும், நான்காவது தந்தி 98 முறையும் அதிர்கின்றன. சாதாரணக் கிற்றாரின் மிகத் தடித்த தந்தியோ 82 முறை அதிர்வது. எனவே பேஸ், கிற்றாருக்கு ஒரு முழு ஸ்தாயி கீழே நிற்கிறது. முற்காலத்தில் இவ்வேலையை ஆளுயரத்தையும் மிஞ்சிய டபிள் பேஸ் என்னும் பெரிய வாத்தியமே செய்தது. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் பேஸ் வாசிப்பவர் எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு வாத்தியத்துக்கு உரியவரானார்.

நேயர்களே, இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். நீங்கள் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டி சிறியதாயின், அதிலுள்ள சிறு ஸ்பீக்கர் செக்கனுக்கு 41 அதிர்வுகள் கொண்ட ஒலியைச் செவ்வனே எழுப்ப வல்லதன்று. எனினும் வானொலியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் நமக்குக் கேட்கத்தானே செய்கிறது? அஃது எவ்வாறு? ஒரு தந்தி அதிரும்போது அடிநாதம் மட்டும் எழுவதில்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் உடன் எழுகின்றன. 41 அதிர்வு கொண்ட தந்தியிலிருந்து 82, 123, 164 என்றவாறு மேல்நாதங்களும் பிறக்கின்றன. சிறிய ஸ்பீக்கர் மேல்நாதங்களையே தருகிறது. அவற்றைக் கேட்ட நம் செவியும் மூளையும், இவற்றுக்கெல்லாம் அடியில் 41 இருக்க வேண்டும் எனத் தாமே உணர்ந்துகொள்கின்றன. வந்து சேராத அடிநாதத்தை நாம் கேட்கிறோம்! பேஸ் என்பது ஒரு தனி ஒலி அன்று. ஒலிகளின் ஒரு குடும்பம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பேஸ் ஒன்றைக் கொண்டே ஒரு குழு நடத்த முற்படுவோருக்கு முதல் நம்பிக்கை இங்கிருந்தே பிறக்கிறது.

இனி, இம்முயற்சியைச் செய்து பார்த்தவர் உளரோ எனத் தேடினேன். பலர் உளர். 1938ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகரில் அது நிகழ்ந்திருக்கிறது. பொப் குறொஸ்பி என்பவரின் பெரிய வாத்தியக் குழுவில் பொப் ஹகார்ட் டபிள் பேஸ் வாசித்தார். றே போடுக் ட்ரம் அடித்தார். இருவரும் மாத்திரமே சேர்ந்து ஓர் உருப்படியை வாசித்தனர். ஹகார்ட் பேஸ் வாசித்தபடியே வாயினால் சீழ்க்கையடித்து மெட்டைத் தந்தார். இடையிலே போடுக் ட்ரம்மை விட்டு எழுந்து வந்து, தம் குச்சிகளால் பேஸின் தந்திகள்மீதே தாளம் போட்டார். ஹகார்டின் இடக்கை விரல்கள் தந்தியின்மேல் நகர நகர, அந்தத் தாளமே இசையாக மாறியது. அவ்வுருப்படி பெரும் புகழ் பெற்றது.

1955ஆம் ஆண்டு டிசெம்பரில் நியூயோர்க் நகரில் சார்ள்ஸ் மிங்கஸ் என்ற பேஸ் மேதையும், மக்ஸ் றோச் என்ற ட்ரம் மேதையும் சபையோர்முன் இருவராக நின்று உரையாடுவதுபோல் வாசித்தனர். ஒருவர் கேட்க மற்றவர் விடை கூறுவதாக அவ்வாசிப்பு அமைந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜமேக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. ஒஸ்போண் றடொக் என்பவர் மின் சாதனங்களையும் வானொலிப் பெட்டிகளையும் திருத்தும் தொழில் செய்தவர். கிங் டபி என்ற பெயரால் உலகம் அவரை அறியும். அவர் ஒலிப்பதிவு செய்த பாட்டுக்களை எடுத்து, குரலை நீக்கினார்; கிற்றாரையும் ஓகனையும் பெரும்பாலும் நீக்கினார்; ட்ரம்மையும் பேஸையும் மட்டும் விட்டுவைத்தார். நீக்கிய ஒலிகள் இடையிடையே எதிரொலிபோல் எட்டிப்பார்த்து மறைந்தன. அவ்விசைக்கு மக்கள் ஆடினர். டப் என்னும் இசைவகை இவ்வாறு வளர்ந்தது. கேட்போர் எதனை விரும்புகிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ, அதனை எடுத்துவிட்டாலும் கேட்போர் எழுந்து போகவில்லை என்பதை அந்தத் தொழிலாளர் கண்டுகொண்டார்.

ஒலிப்பதிவில் நீக்குவது ஒன்று. மேடையில் இருவராகவே நிற்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்தவர்களும் உளர். யப்பானின் தோக்கியோ நகரில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய றூயின்ஸ் என்னும் குழு, பேஸையும் ட்ரம்மையும் கொண்டே மிகச் சிக்கலான தாளக் கட்டுக்களை வாசித்தது. அமெரிக்காவின் புறொவிடன்ஸ் நகரில் 1994ஆம் ஆண்டு லைற்னிங் போல்ற் என்ற குழு தோன்றியது. அவர்கள் மேடையையே விரும்பவில்லை. மண்டபத்தின் நடுவே தரையில் நின்று, சபையோர் சுற்றி நெருங்கி நிற்க வாசித்தனர். அவர்களுள் பேஸ் வாசிக்கும் பிறையன் கிப்ஸன், தம் தந்திகளை வழக்கமான முறையில் சுருதி கூட்டாமல், செலோ என்னும் வாத்தியத்தைப்போல ச-ப இடைவெளியில் கூட்டிக்கொண்டார். இதனால் ஒரே வாத்தியத்தில் மிகத் தாழ்ந்த நாதமும் மிக உயர்ந்த நாதமும் அவர் கைக்கு எட்டின.

நம்மவர் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரிலும் 2001ஆம் ஆண்டு இருவர் இத்தகைய குழுவைத் தொடங்கினர். ட்ரம் அடித்தவரே பாடவும் செய்தார். தென் இங்கிலாந்தைச் சேர்ந்த றோயல் பிளட் என்ற இருவர் குழுவின் முதல் இசைத்தட்டு 2014ஆம் ஆண்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையே பெற்றது. அக்குழுவில் மைக் கெர் என்பவர் பேஸ் வாசித்துப் பாடுகிறார். அவர் தம் பேஸ் கிற்றாரின் ஒலியைப் பிரித்து வெவ்வேறு அம்பிளிபயர்களுக்கு அனுப்புகிறார். ஒன்று தாழ்ந்த நாதத்தைத் தருகிறது. இன்னொன்று அதனையே ஒரு ஸ்தாயி உயர்த்திக் கிற்றார்போல் ஒலிக்கச் செய்கிறது. கண்ணை மூடிக் கேட்பவருக்கு மேடையில் மூவர் இருப்பதாகவே தோன்றும்.

அந்நிய நாட்டுக் கதைகள் போதும். நம் மண்ணில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் ஓய்ந்து நிற்க, தவில்கள் மட்டும் முழங்கும் தவிற்சமாவை நினைத்துப் பாருங்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டு மறைந்தார்; அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். அவர்கள் நினைவில் வைத்திருப்பது ஒரு மெட்டை அன்று, தாளத்தை! மட்டக்களப்புப் பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரியிலோ அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியுமே வாத்தியங்கள். அவற்றோடு மனிதக் குரல் சேர்கிறது. விடியும்வரை ஊர் விழித்திருக்கிறது. மெட்டு வாசிக்கத் தனி வாத்தியம் இல்லையே என்று அக்களரியைச் சுற்றி அமர்ந்த எவரும் குறைப்பட்டதாக நான் அறியேன்.

இவ்வளவும் அறிந்தபின் அம்மாணவர்க்கு அனுமதி கொடுத்தேன். ஆனால் அனுமதி கொடுத்ததனால் மாத்திரம் இசை வந்துவிடவில்லை. அடுத்த ஐந்து வாரங்களில் அவர்கள் பட்ட பாட்டை அருகிருந்து கண்டேன். இத்தகைய குழுவை அமைக்க விரும்பும் இளைஞர் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது இடர், நாதங்கள் குழம்புவது. கிற்றார் இல்லாத வெற்றிடத்தை நிரப்ப எண்ணிய மாணவன், பேஸில் இரண்டு மூன்று தந்திகளை ஒன்றாக மீட்டினான். கேட்டபோது இடி முழக்கம்போல் இருந்தது. சுரம் ஒன்றும் விளங்கவில்லை. தாழ்ந்த ஸ்தாயியில் நெருங்கிய இரு சுரங்களை ஒன்றாக ஒலித்தால் செவி அவற்றைப் பிரித்தறிய மாட்டாது. சட்ஜத்தையும் காந்தாரத்தையும் மேல் ஸ்தாயியில் சேர்த்தால் இனிமை; மந்தரத்தில் சேர்த்தால் உறுமல். எங்கள் சங்கீத ஆசிரியை இதற்கு வழி சொன்னார். கீழே சட்ஜத்தோடு பஞ்சமத்தை மட்டும் சேர். காந்தாரம் வேண்டுமாயின் அதை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோய் வை என்றார். அவ்வாறு செய்ததும் சேறு தெளிந்து நீராயிற்று.

இரண்டாவது இடர், இருவரும் ஒரே இடத்தில் நிற்பது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்மும் தாழ்ந்த ஸ்தாயியிலேதான் ஒலிக்கிறது. அதுவும் பேஸும் ஒன்றையொன்று மூடிவிடுகின்றன. ஆகவே இரண்டில் ஒன்று சற்று மேலேறி நிற்க வேண்டும். ட்ரம்மின் தோலைச் சற்று இறுக்கி, அதன் ஒலி குறுகியதாகவும் தெளிவாகவும் கேட்கும்படி செய்தனர். பேஸ் நீண்டு ஒலிக்க, ட்ரம் அதன் தொடக்கத்தை மட்டும் குறித்துக் காட்டியது. இரண்டும் ஒரே கணத்தில் விழுந்தபோது, ஒரு பெரிய வாத்தியத்தின் குரல்போல் அவை கேட்டன. ஒரு சிறிது முன்பின்னாக விழுந்தாலோ, மறைக்க வேறெந்த வாத்தியமும் இல்லாமையால், பிழை பட்டப்பகல்போல் தெரிந்தது.

மூன்றாவது இடரே பெரியது. மௌனத்துக்கு அஞ்சுவது! இருவர்தாமே இருக்கிறோம் என்ற அச்சத்தினால் இருவரும் ஓயாது வாசித்தனர். ட்ரம் அடித்தவன் சிம்பல்களை விடாமல் தட்டினான். பேஸ் வாசித்தவன் ஒரு மாத்திரைகூட இடைவெளி விடவில்லை. பத்து நிமிடம் கேட்ட எனக்குத் தலை வலித்தது. இவ்விடரைத் தீர்த்தவர் சங்கீத ஆசிரியை அல்லர்; ட்ரம் அடிப்பவனின் பாட்டனார். அவர் எங்கள் பகுதியில் நெடுங்காலம் மத்தளம் வாசித்த அண்ணாவியார். ஒருநாள் பின்னேரம் பேரனை அழைத்துப் போக வந்தவர், மண்டபத்து வாங்கில் அமர்ந்து முழுவதையும் கேட்டார். முடிந்ததும் இவ்வளவே சொன்னார்:

"மத்தளத்துக்கு ரெண்டு முகம் இருக்கு மனே. எந்த நேரமும் ரெண்டும் ஒண்டாப் பேசாது. ஒண்டு பேசக்குள்ள மற்றது கேட்டுக்கிட்டு இருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க."

மறுநாள் முதல் அவர்கள் வாசிப்பே மாறியது. ஒரு பாட்டின் தொடக்கத்தை பேஸ் மட்டும் தனியே வாசித்தது. எட்டு ஆவர்த்தனங்களின் பின்னரே ட்ரம் உள்ளே வந்தது. நடுவிலே பேஸ் முற்றாக நின்றது. ட்ரம் மட்டும் தணிந்து நடந்தது. மீண்டும் பேஸ் வந்து சேர்ந்தபோது, புதிதாகப் பத்து வாத்தியங்கள் வந்ததுபோல் நெஞ்சில் மோதியது. ஐவர் வாசிக்கும் குழுவில் ஒருவர் நின்றால் எவரும் அறியார். இருவர் வாசிக்கும் குழுவில் ஒருவர் நின்றால் உலகத்தில் பாதி நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்க்கே இத்தகைய குழு கைகூடும்.

விழா நாள் வந்தது. நேயர்களே, அன்று எல்லாம் இனிதே நடந்தேறியது என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் மண்டபத்துக் கூரை தகரத்தாலானது. வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தவர்கள், ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் எவ்வளவு ஒலி வேண்டும் என்பதை அறிந்திருக்கவில்லை. முதற்பாட்டில் பேஸின் ஓசை கூரையை அதிர வைத்தது. தகரம் தன் பங்குக்கு இரைந்தது. பெற்றோர் தம்முள் பேசத் தொடங்கினர். என் அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "பாட்டு எப்ப துவங்கும்?" என்று என்னிடம் கேட்டார். நான் வெட்கத்தினால் நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

முதற்பாட்டு முடிந்ததும் பேஸ் வாசிப்பவன் திரும்பித் தன் நண்பனைப் பார்த்தான். பின்னர் அம்பிளிபயரின் அருகே சென்று ஒலியைப் பாதியாகக் குறைத்தான். ட்ரம் அடிப்பவன் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கைகளால் ட்ரம்மின் தோலைத் தட்டத் தொடங்கினான். அது மேல்நாட்டுத் தாளம் அன்று. கூத்துக் களரியில் அவன் பாட்டனாரிடம் கேட்டு வளர்ந்த தாளம். அதன்மேல் பேஸ் மெல்ல ஏறியது. தடித்த தந்தியை விட்டு, மெல்லிய தந்திகளில், ஏறக்குறைய ஓர் ஆணின் பாடற்குரல் நிற்கும் உயரத்தில் அது மெட்டு ஒன்றை வாசித்தது. சபையில் பேச்சு அடங்கியது. பின்வரிசையில் யாரோ ஒரு தாய் மடியிலிருந்த குழந்தையின் முதுகில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மூன்றாவதாக அவர்கள் பைலாத் தாளத்தில் வாசித்தபோது, சிறுவர் எழுந்து ஆடினர், ஆசிரியர்கள் தடுக்கவில்லை.

முடிவில் கரகோஷம் எழுந்தது. எனினும், பாட்டு எப்பொழுது தொடங்கும் என்று கேட்ட பெரியவர், "நல்லாத்தான் இருந்தது. ஆனா ஒரு ஆள் பாடியிருக்கலாம்" என்றே சொல்லிச் சென்றார். அவர் சொன்னதும் உண்மையே. இருவர் குழுவில் சில குறைகள் இருக்கவே செய்யும். பல சுரங்கள் ஒருங்கே மலர்ந்து தரும் நிறைவை அது தராது. நுண்ணிய கமகங்கள் நிறைந்த பாட்டுக்கு அது பொருந்தாது. ஒரு மணி நேரம் கேட்டால் செவி வேறொன்றை நாடும். இவற்றை மறைத்துப் பேசுவதனால் பயனில்லை. ஆனால் அது தரக்கூடியதை வேறெதுவும் தராது என்பதையும் அன்று கண்டேன். தாளம் உடம்பிலே எங்கே இறங்குகிறது, அடிநாதம் நெஞ்சிலே எங்கே தொடுகிறது என்பதைத் திரை விலக்கிக் காட்டுவது அது. இலுப்பைப்பூ சர்க்கரைக்குப் பதிலாக வந்ததுதான். ஆயினும் தின்று பார்த்தவருக்கு அதற்கென ஒரு சுவை உண்டு என்பது தெரியும்.

அன்றிரவு வீடு சென்றபின் எனக்கு உறக்கம் வரவில்லை. என் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளில் அம்மையினால் நான் வெட்டியவை எத்தனை! நடிக்க நால்வர் குறைகிறார்கள் என்று பாடசாலைக் கூத்தை நிறுத்தினேன். பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறிப் போனார் என்று சாரணர் குழுவை நிறுத்தினேன். எழுதுவோர் சிலரே என்று மாணவரின் கையெழுத்துச் சஞ்சிகையை நிறுத்தினேன். நம் ஊர்களிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருக்கின்றனர். சிலர் கல்விக்காக, சிலர் தொழிலுக்காக, சிலர் வேறு வழியின்றி. ஒவ்வொருவர் போகும்போதும் எஞ்சியிருப்பவர்களைப் பார்த்து, "இனி உங்களால் என்ன ஆகும்?" என்று கேட்டவன் நான். போனவர்களை எண்ணிய அளவுக்கு இருப்பவர்களை நான் எண்ணவில்லை.

அடுத்த தவணையில் கூத்தை மீண்டும் தொடங்கினோம். பதினொருவர் வேண்டிய கூத்துக்கு எழுவரே இருந்தனர். அண்ணாவியார் வந்து கதையைச் சுருக்கினார். ஒருவனுக்கே இரு வேடங்கள் கொடுத்தார். மத்தளம் வாசித்தவன் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சஞ்சிகையும் வெளிவந்தது, பன்னிரண்டு பக்கங்கள்தாம். சாரணர் குழுவுக்கு மட்டும் இன்னும் ஆசிரியர் கிடைக்கவில்லை.

அம்மாணவர் இருவரும் இப்பொழுது பாடசாலையை விட்டுப் போய்விட்டனர். ஒருவன் பல்கலைக்கழகத்தில் கற்கிறான்; மற்றவன் தொழிற்பயிற்சி பெறுகிறான். விடுமுறைக்கு ஊர் வரும்போது சேர்ந்து வாசிக்கின்றனர். அண்மையில் என்னைக் கண்டபோது, பாடுவதற்கு ஒருவர் சேர விரும்புவதாகவும், சேர்த்துக்கொள்வதா என யோசிப்பதாகவும் கூறினர். "இதிலே யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அவர் வந்தா நாங்க திரும்பப் பின்னுக்குப் போகணுமே சேர்" என்றான் பேஸ் வாசிப்பவன், சிரித்துக்கொண்டு.

நேயர்களே, அடுத்த முறை வானொலியிலே ஒரு பாட்டைக் கேட்கும்போது, பாடகரின் குரலைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, அதன் அடியிலே நடக்கும் அவ்விருவரையும் தேடிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அங்கே இருப்பார்கள்.